பிளேஸ்டேஷன் டிஸ்கை நகலெடுத்து வைக்க எந்த வழி: ஐஎஸ்ஓவா, பின்-க்யூவா, சிஎச்டியா?

பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கையில் இருந்த பிளேஸ்டேஷன் டிஸ்குகள் அத்தனையையும் கணினியில் ஏற்றினேன். டிஸ்கைப் போடு, ஐஎஸ்ஓ (டிஸ்கில் உள்ள தரவை ஒரே கோப்பாக்கும் வடிவம்) பொத்தானை அழுத்து, டிஸ்கை எடு, அடுத்ததைப் போடு. சாயங்காலத்துக்குள் இருபத்தெட்டு டிஸ்க் முடிந்தது. பெரிய வேலையைச் செய்துவிட்ட திருப்தியில், டிஸ்குகளைச் சித்தி பையனிடம் கொடுத்துவிட்டேன்.

போன வருடம் அதிலிருந்து ரிட்ஜ் ரேசரை எமுலேட்டரில், அதாவது கணினியில் கன்சோல்போல நடிக்கும் மென்பொருளில், திறந்தேன். கார் கிளம்பியது, டயர் கிறீச்சிட்டது, அறிவிப்பாளர் வழக்கம்போலக் கத்தினார். பாட்டைக் காணோம். ரிட்ஜ் ரேசரின் இசை, சாதாரண பாட்டு சிடியில் இருப்பதுபோலத் தனித்தனி ட்ராக்காக டிஸ்கில் இருக்கிறது. ஆட்டம் மொத்தமும் கன்சோலின் நினைவகத்தில் ஏறிக்கொள்ளும் என்பதால், தொடங்கிய பிறகு டிஸ்கை எடுத்துவிட்டு இளையராஜா சிடியைப் போட்டாலும் அதைப் பாடிக்கொண்டே ஓடும். சின்ன வயதில் அதைச் செய்து பார்த்தவன் நான். அப்படியும் நகலெடுக்கும்போது அது தோன்றவில்லை. என் ஐஎஸ்ஓ முதல் ட்ராக்கை மட்டும் அள்ளிக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. டிஸ்கும் இப்போது இல்லை. சித்தி இரண்டு முறை வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது.

அதனால் மிச்சமிருக்கும் டிஸ்குகளுக்கும், அதன்பிறகு பழைய சாமான் கடைகளில் சேர்த்தவற்றுக்கும் இந்த முறை யோசித்து வழி தேடினேன். பார்த்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கோப்பு வடிவம் நல்லது என்றுதான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். வடிவத்தை நாளைக்கும் மாற்றிக்கொள்ளலாம். டிஸ்கிலிருந்து படித்த விதம் தப்பாக இருந்தால், டிஸ்க் போன பிறகு திருத்த வழியே இல்லை. கவனத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் படிக்கும் இடம்தான்.

முதலில் டிஸ்கைத் திருப்பிப் பாருங்கள்

அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் முதல் பிளேஸ்டேஷன், அதாவது சிடி. நீலமாக இருந்தால் பிஎஸ்2, ஆனால் அதுவும் சிடிதான். வெள்ளியாக இருந்தால் பிஎஸ்2 டிவிடி. இந்த மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. 'ஐஎஸ்ஓ போதுமா' என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வருவதற்குக் காரணமும் இதுதான்: கேட்பவர் மனதில் ஒரு டிஸ்க், சொல்பவர் மனதில் வேறு டிஸ்க்.

டிவிடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டிஸ்கைச் சிறு சிறு துண்டாகப் பிரித்துத்தான் டிரைவ் படிக்கும், அந்தத் துண்டுக்குச் செக்டார் என்று பெயர். டிவிடியின் ஒவ்வொரு செக்டாரிலும் நமக்குக் கிடைப்பது 2048 பைட். பிழை திருத்தமெல்லாம் டிரைவுக்கு உள்ளேயே நடந்து முடிந்துவிடும். வெளியே வருவது சுத்தமான தரவு. எந்த டிரைவில் எடுத்தாலும், எந்த மென்பொருளில் எடுத்தாலும், டிஸ்க் நன்றாக இருந்தால் ஒரே ஐஎஸ்ஓ வரும். ஆகவே பிஎஸ்2 டிவிடிக்கு ஐஎஸ்ஓ போதும். இம்ஜ்பர்ன் போன்ற இலவச மென்பொருளும், பழைய கணினியில் கிடக்கும் டிவிடி டிரைவும் இருந்தால் வேலை முடிந்தது. காட் ஆஃப் வார் 2 மாதிரி இரட்டை அடுக்கு டிஸ்குகள் 8.5 ஜிபி வரை போகும். அவற்றைப் பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக ஏறாது. நகல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், பென் டிரைவைத்தான் மாற்ற வேண்டும்.

சிக்கல் எல்லாம் சிடியில்.

சிடிக்குள் என்ன இருக்கிறது

சிடி பாட்டுக்காகப் பிறந்தது. தரவு அதில் பிறகு வந்து குடியேறியது. அதன் ஒரு செக்டார் 2352 பைட். பாட்டு என்றால் 2352-ம் ஒலிதான். பிளேஸ்டேஷன் தரவு என்றால் அதில் 12 பைட் ஒத்திசைவுக்கு, 4 பைட் முகவரிக்கு, 8 பைட் துணைத் தலைப்புக்கு, 2048 பைட் உண்மையான தரவுக்கு, 4 பைட் பிழை கண்டுபிடிக்க, 276 பைட் பிழை திருத்த. இதுவரை சரி. ஆனால் இன்னொரு வகை செக்டாரும் அதே டிஸ்கில் கலந்து கிடக்கும். அதில் பிழை திருத்தப் பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் தரவுக்கே கொடுத்திருப்பார்கள், 2324 பைட். வீடியோக் காட்சிகளின் ஒலியும், பல ஆட்டங்களின் பின்னணி இசையும் இந்த வகையில்தான் இருக்கும். ஒரு பைட் தப்பினால் காதுக்குத் தெரியாது, அதனால் திருத்தம் தேவையில்லை என்பது கணக்கு.

இப்போது ஐஎஸ்ஓவை நினைத்துப் பாருங்கள். அதற்குத் தெரிந்த ஒரே அளவு 2048. 2324 பைட் செக்டாரின் வாலை வெட்டிவிடும். பாட்டு ட்ராக்குகளை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. கேசில்வேனியா: சிம்பனி ஆஃப் த நைட் டிஸ்கை வீட்டு சிடி பிளேயரில் போட்டு இரண்டாவது ட்ராக்கை ஓட்டினால், கதாநாயகன் அலுகார்டே வந்து, இதில் கணினித் தரவு இருக்கிறது, இப்படிப் போட்டுக் கேட்காதே என்று சொல்வார். ஐஎஸ்ஓ நகலில் அந்த மனுஷன் காணாமல் போய்விடுவார். பிஎஸ்1 டிஸ்குக்கு ஐஎஸ்ஓ என்பது வழியே இல்லை. 'எனக்கு ஓடுகிறதே' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் ஓடியது, பாட்டில்லாமல்.

பின்-க்யூ, சாதாரண முறையில்

அடுத்த படி, 2352 பைட்டையும் அப்படியே எடுத்து 'பின்' கோப்பாகவும், எந்த ட்ராக் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பைச் சின்னதொரு 'க்யூ' கோப்பாகவும் வைப்பது. க்யூ கோப்பை நோட்பேடில் திறந்தே படிக்கலாம், நாலைந்து வரிதான். இம்ஜ்பர்னே இதைச் செய்யும். பாட்டு ட்ராக் இல்லாமல் தரவு ட்ராக் மட்டும் உள்ள டிஸ்குகளுக்குப் பல சமயம் இதிலேயே சரியான நகல் வந்துவிடும்.

பாட்டு ட்ராக் இருந்தால் ஒரு நுணுக்கம் குறுக்கே வருகிறது. தரவு செக்டாருக்கு முகவரி எழுதியிருக்கும். டிரைவ் சரியாக அந்த இடத்தில் போய் நிற்கும். பாட்டு செக்டாருக்கு அப்படி எழுதப்பட்ட முகவரி கிடையாது. ஒவ்வொரு மாடல் டிரைவும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ தள்ளித்தான் படிக்க ஆரம்பிக்கும். பிளெக்ஸ்டர் டிரைவுகளில் இந்தத் தள்ளல் 30 சாம்பிள் (சாம்பிள் என்பது ஒலியின் மிகச் சிறிய அளவு). ஒரு செக்டாருக்கு 588 சாம்பிள், நொடிக்கு 44,100. ஆக, காதால் கண்டுபிடிக்கவே முடியாத இடைவெளி. ஆனால் உங்கள் டிரைவில் எடுத்த கோப்பும் என் டிரைவில் எடுத்த கோப்பும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். ஒத்துப்பார்க்க முடிந்தால்தான் நகல் சரியா என்றே தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டிஸ்கை அச்சடித்த தொழிற்சாலையிலேயே இன்னொரு தள்ளல் சேர்ந்திருக்கும் என்பது கூடுதல் வேடிக்கை. இரண்டும் சேர்ந்து கடைசிப் பாட்டின் வால் நுனியை டிஸ்கின் முடிவுப் பகுதிக்குள் தள்ளிவிடுவதும் உண்டு. பெரும்பாலான டிரைவுகள் அந்தப் பகுதிக்குள் கால் வைக்கவே மறுக்கும்.

துணைத் தடமும் ஐரோப்பிய டிஸ்குகளும்

2352 பைட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு செக்டாருக்கும் இன்னும் 96 பைட் ஓடுகிறது. பாட்டு சிடியில் எந்த நிமிடம், எந்த நொடி என்று பிளேயர் காட்டுவது இதைப் படித்துத்தான். சாதாரணமாக இதை விட்டுவிடலாம், நட்டமில்லை. ஆனால் ஐரோப்பாவுக்கான பிஎஸ்1 பதிப்புகள் சிலவற்றில் சோனி இதற்குள் ஒரு பூட்டை ஒளித்து வைத்தது. பெயர் லிப்கிரிப்ட். குறிப்பிட்ட சில செக்டார்களின் துணைத் தடத்தில் வேண்டுமென்றே தப்பான எண்களை எழுதி, அவற்றிலிருந்து 16 பிட் சாவி ஒன்றை ஆட்டம் தானே கணக்கிட்டுக்கொள்ளும். சாவி பொருந்தாவிட்டால் சில ஆட்டங்கள் ஆரம்பத்திலேயே நின்றுவிடும், சில போகப் போகச் சண்டித்தனம் செய்யும். மெடிஈவில், க்ராஷ் டீம் ரேசிங், ஸ்பைரோ: இயர் ஆஃப் த டிராகன், ஃபைனல் ஃபேண்டஸி 9 ஆகியவற்றின் ஐரோப்பியப் பதிப்புகள் இந்த ரகம். நம் ஊர் அலமாரியில் அசல் டிஸ்க் இருந்தால் அது ஐரோப்பியப் பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இது நமக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

ஒரு காலத்தில் இதற்குக் க்ளோன்சிடியைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். அது துணைத் தடத்தையும் சேர்த்து ஒரு கோப்பாகக் கொடுத்துவிடும். அதிலுள்ள குறை இதுதான்: துணைத் தடத்துக்குப் பிழை திருத்தம் கிடையாது. ஒரே டிஸ்கை ஒரே டிரைவில் இரண்டு முறை எடுத்தால் இரண்டு வேறு கோப்பு வரலாம். எது வேண்டுமென்றே எழுதிய தப்பு, எது தூசியால் வந்த தப்பு என்று அந்தக் கோப்பைப் பார்த்து நீங்கள் சொல்ல முடியாது. இப்போது நடைமுறையில் இருப்பது வேறு வழி: மாற்றி எழுதப்பட்ட செக்டார்களின் பட்டியலை மட்டும் 'எஸ்பிஐ' என்ற சிறு கோப்பாக, பின் கோப்பின் பெயரிலேயே பக்கத்தில் வைப்பது. டக்ஸ்டேஷன் எமுலேட்டர் அதைத் தானே எடுத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் லிப்கிரிப்ட் ஆட்டத்தைத் திறக்கும்போதே எச்சரிக்கும்.

ரீடம்பர்: நான் போய் நின்ற இடம்

இந்த வட்டாரத்தில் நகலெடுப்பதை 'டம்ப்' என்பார்கள். குப்பை கொட்டுவதுபோலக் கேட்கும், பழகிவிட்டது. ரீடம்பர் என்பது அதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள். கறுப்புத் திரையில் எழுத்தாக ஓடும். பொத்தான் வேண்டும் என்பவர்கள் எம்பிஎஃப் என்ற முகப்பை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம்.

இது செய்யும் சாமர்த்தியம் எனக்குப் பிடித்துப்போனது. சிடியில் தரவு நேராக எழுதப்படுவதில்லை. ஒரு குறிப்பிட்ட விதிப்படி கலைத்துத்தான் எழுதுவார்கள். டிரைவ் படிக்கும்போது அதை நேராக்கி, பிழை திருத்தி, தனக்குத் தெரிந்த மாதிரி நம்மிடம் கொடுக்கும். ரீடம்பர், தரவு செக்டாரையும் 'இது பாட்டு' என்று சொல்லி டிரைவிடம் கேட்கிறது. பாட்டு என்றால் டிரைவ் எதையும் திருத்தி ஒழுங்கு பண்ணாமல் அப்படியே கொடுத்துவிடும். கலைந்த நிலையிலேயே வாங்கிக்கொண்டு, நேராக்கும் வேலையைக் கணினியில் தானே செய்கிறது. தள்ளல் எவ்வளவு என்பதையும் தரவு செக்டாரின் முகவரியை வைத்தே துல்லியமாகக் கணக்கிட்டு, பாட்டு ட்ராக்குகளை அதற்கேற்ப நகர்த்திப் பிரிக்கிறது. துணைத் தடத்தையும் கூடவே எடுக்கிறது.

எல்லா டிரைவும் இதற்கு உடன்படாது. பிளெக்ஸ்டரின் பிஎக்ஸ்-716ஏ, பிஎக்ஸ்-760ஏ போன்ற பழைய மாடல்கள் பேர் போனவை. இப்போது பழைய சந்தையில் கிடைத்தால்தான் உண்டு. புதிதாக வாங்குபவர்கள் ஏசுஸ் பிடபிள்யூ-16டி1எச்டி என்ற புளூரே டிரைவைத் தேடுவார்கள். அதில் குறிப்பிட்ட ஃபர்ம்வேரை (டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளை) ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கரண்ட் போனால் டிரைவ் செங்கல்தான். யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். இதெல்லாம் இல்லாமல் சாதாரண டிரைவிலும் பொது முறையில் ரீடம்பரை ஓட்டலாம். டிஸ்கின் முடிவுப் பகுதி கிடைக்காமல் போகலாமே தவிர, பெரும்பாலான பிஎஸ்1 டிஸ்குகளுக்கு அது பிரச்சினையாவதில்லை. ஆகவே டிரைவ் கிடைக்கவில்லை என்று வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். இருப்பதை வைத்து ஆரம்பித்து, ஒத்துப்போகாத டிஸ்குகளை மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

ஓடும்போது திரையின் கடைசி வரியில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனையாவது செக்டார், பக்கத்தில் பிழைக் கணக்கு: எஸ்சிஎஸ்ஐ, சி2, க்யூ. எஸ்சிஎஸ்ஐ என்பது டிரைவ் படிக்கவே முடியாமல் கைவிட்டது. இங்கே க்யூ என்பது துணைத் தடம், முன்னே சொன்ன க்யூ கோப்பு இல்லை. அது பத்து இருபது ஏறினால் கவலை வேண்டாம். சி2 என்பது டிரைவால் திருத்த முடியாத பிழை. அது பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். என் டெக்கன் 3 டிஸ்கில் முக்கால்வாசி வரை பூஜ்யம். பிறகு டிரைவின் சத்தம் மாறியது, சுழற்சி தடுமாறி மறுபடி ஏறியது, சி2 நாற்பதைத் தாண்டியது. டிஸ்கை எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, பனியன் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் ஒற்றி எடுத்தேன். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும். டிரைவால் தாண்ட முடியாது. அப்புறம் ரீடம்பரின் 'ரிஃபைன்' கட்டளை. பிழை வந்த செக்டார்களை மட்டும் திரும்பத் திரும்பப் போய்ப் படிக்கும். இரண்டாவது சுற்றில் சி2 பூஜ்யம்.

அடிப்பக்கக் கீறலுக்கு இப்படி ஏதாவது வழி உண்டு. ஆழமாக இருந்தால் பாலிஷும் போடலாம். படம் அச்சிட்ட மேல்பக்கத்தில் கீறல் விழுந்தால் சிடி அத்தோடு சரி. 1.2 மில்லிமீட்டர் தடிப்பில் தரவு இருக்கும் அலுமினியப் படலம் மேல்பக்கம் ஒட்டித்தான் இருக்கிறது, மேலே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். டிவிடியில் அது இரண்டு தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். அதனால்தான் டிவிடிகளுக்கு முன்னால் சிடிகளை எடுத்து முடியுங்கள் என்கிறேன்.

எடுத்தது சரியா என்று எப்படித் தெரியும்

ரீடம்ப் என்று ஒரு தன்னார்வத் தரவுத்தளம் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மென்பொருளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் ஆட்டங்கள் கிடையாது. ஒவ்வொரு டிஸ்கின் ஒவ்வொரு ட்ராக்குக்கும் அளவு, சிஆர்சி-32, எம்டி5, ஷா-1 கைரேகைகள் மட்டும் இருக்கின்றன. கைரேகை என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்; ஒரு பைட் மாறினாலும் அது மாறிவிடும். வெவ்வேறு டிஸ்கிலிருந்து தனித்தனியாக எடுத்த நகல்கள் ஒன்றுபோல வந்தால் அந்தப் பதிவு உறுதிப்பட்டதாகக் குறிப்பார்கள். உங்கள் நகலின் கைரேகையும் அதே என்றால் கதை முடிந்தது: ட்ராக்குகளில் உள்ளது அத்தனையும் உங்கள் கையில் இருக்கிறது. ரீடம்பர் முடியும்போது இந்தக் கைரேகைகளைப் பதிவுக் கோப்பில் எழுதியே வைக்கும். மற்ற முறைகளில் எடுத்தால் விண்டோஸின் பவர்ஷெல்லில் ஒரு வரிக் கட்டளை போதும்.

பொருந்தாவிட்டால் உடனே டிஸ்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஒரே ஆட்டத்துக்கு வேறு அச்சு, திருத்திய பதிப்பு, வேறு மொழிப் பதிப்பு எல்லாம் உண்டு. டிஸ்கின் மீதுள்ள எண்ணையும், உள்வட்டத்தில் பொடி எழுத்தில் பொறித்திருப்பதையும் பாருங்கள்.

இந்தச் சோதனைதான் என் தராசு. சாதாரண பின்-க்யூவும் ரீடம்பரும் ஒரே கைரேகையைக் கொடுத்தால் இரண்டும் சமம்; எதில் எடுத்தீர்கள் என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பாட்டு ட்ராக் உள்ள டிஸ்குகளில்தான் சாதாரண முறை தோற்கிறது.

சிஎச்டி எங்கே வருகிறது

சிஎச்டி என்பது பழைய ஆர்கேட் ஆட்டங்களுக்கான மேம் எமுலேட்டர் திட்டத்திலிருந்து வந்த சுருக்கிய வடிவம். இது படிக்கும் முறை அல்ல, எடுத்து வைத்ததை மடித்து வைக்கும் முறை. பாட்டை ஃப்ளாக் முறையிலும் தரவை எல்சட்எம்ஏ முறையிலும் சுருக்கும். திரும்ப விரித்தால் ஒரு பைட்கூட மாறாது. டக்ஸ்டேஷன், பிசிஎஸ்எக்ஸ்2, ஃப்ளைகாஸ்ட் ஆகிய எமுலேட்டர்கள் எல்லாம் இதை நேராகவே ஓட்டும். பத்து ட்ராக் உள்ள ஆட்டம் பதினொரு கோப்பாகச் சிதறிக் கிடக்காமல் ஒரே கோப்பாகிவிடும். உள்ளேயே ஷா-1 இருப்பதால், வருடம் ஒருமுறை சிஎச்டிமேன் கருவியில் சோதித்தால் ஹார்ட் டிஸ்க் ஏதாவது கடித்துவிட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. எஸ்பிஐ கோப்பு இதற்குள் போகாது, தனியாகப் பக்கத்தில் வைக்க வேண்டும். விரிக்கும்போது எல்லா ட்ராக்கும் ஒரே பின் கோப்பாகச் சேர்ந்து வரலாம். அப்போது ட்ராக் வாரியான கைரேகை பொருந்தாது; பிரித்துத்தான் ஒப்பிட வேண்டும். மூல க்யூ கோப்பையும் பதிவுக் கோப்பையும் தூக்கிப் போடாதீர்கள், எல்லாம் சேர்ந்து ஒரு எம்பிகூட வராது.

இடம் மிச்சம் பிடிக்க இது அவசியமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 74 நிமிட சிடி முழுக்க நிரம்பியிருந்தாலும் 2352 பைட் கணக்கில் சுமார் 783 எம்பி. அறுபது டிஸ்க் என்றால் 47 ஜிபி. நாற்பது பிஎஸ்2 டிவிடி, தலைக்கு 4.7 என்றால் 188 ஜிபி. மொத்தமும் 250 ஜிபிக்குள் அடங்குகிறது. இன்றைக்கு விற்கும் சின்ன ஹார்ட் டிஸ்கிலேயே இரண்டு பிரதி வைக்கலாம். வீட்டு அளவிலான சேகரிப்புக்குச் சுருக்குவது வசதிக்காகத்தான், கட்டாயத்துக்காக இல்லை. நான் மூல நகலை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். தினசரி ஆடுவதற்குச் சிஎச்டி கணினியில் இருக்கிறது. மூன்றாவது பிரதி அண்ணன் வீட்டில்.

இறக்கிக்கொண்டால் ஆகாதா

'யாரோ எடுத்து வைத்திருப்பார்கள், எதற்கு இந்தப் பாடு' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2023 ஜூலையில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது. எனவே கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் தொலைந்துபோவது, அழிவது, சேதமாவது ஆகியவற்றுக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக மட்டும் காப்பு நகல் எடுக்க இடம் கொடுக்கிறது. 2012-ல் சேர்ந்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. தன் டிஸ்கைத் தானே நகலெடுத்து வைப்பது ஒன்று, ஊருக்கு ஏற்றிவிடுவது வேறொன்று. நான் வக்கீல் இல்லை. என் எல்லையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டேன்.

அதைவிட, 'யாரோ எடுத்திருப்பார்கள்' என்பது எல்லா டிஸ்குக்கும் பொருந்தாது. 2009-ல் பிஎஸ்2-க்கு 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தது, ஹைதராபாத்தில் உருவானது. கபடியும் கில்லியும் பட்டமும் உள்ள 'தேசி அட்டா: கேம்ஸ் ஆஃப் இந்தியா'வும் அப்போது வந்ததுதான். ஆட்டமாக அவை எப்படி என்று கேட்காதீர்கள். இப்படி நம் சந்தைக்கென்று அச்சிட்ட டிஸ்குகளை ஜப்பானிலோ ஜெர்மனியிலோ இருக்கும் சேகரிப்பாளர் தேடி எடுப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால் வரிசையில் முதலில் அதை எடுங்கள்.

இன்னொரு சங்கடம்: நம் ஊர் பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் அசலே இல்லை. மாட்சிப் (அசல் அல்லாத டிஸ்கையும் ஓடவைக்கும் சில்லு) போட்ட பிஎஸ்2-வும், பிளாஸ்டிக் உறையில் ஜெராக்ஸ் அட்டையோடு வந்த டிவிடியும்தான் நம் தலைமுறையின் பிளேஸ்டேஷன். இரட்டை அடுக்கு ஆட்டத்தை ஒற்றை அடுக்கு டிவிடியில் அடக்க, வீடியோக்களை வெட்டியெறிந்த பதிப்புகளும் அதில் உண்டு. நான் முதலில் ஆடிய காட் ஆஃப் வாரில் பாதிக் கதை இல்லை, கறுப்புத் திரை வந்து போகும். அதுதான் ஆட்டத்தின் நடை என்று நினைத்திருந்தேன். அவற்றை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் எந்தக் கைரேகையும் பொருந்தாது. நினைவுக்காக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மற்ற கன்சோல்கள், சுருக்கமாக

செகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலின் டிஸ்க் சுமார் 1 ஜிபி பிடிக்கும் ஜிடி-ரோம். ஆட்டம் 45,000-வது செக்டாருக்குப் பிறகு, தரவை நெருக்கமாக எழுதிய பகுதியில் இருக்கும். கணினி டிரைவ் சாதாரணமாக அங்கே போகாது. கன்சோலையே வைத்து எடுப்பதுதான் வழக்கம். ஜிடிஐ என்பது முழு நகல். சிடிஐ என்பது 700 எம்பி சிடியில் அடக்குவதற்காகச் செய்த வடிவம். இடம் போதாத இடத்தில் இசையையும் வீடியோவையும் மட்டமாக்கியோ வெட்டியோ இருப்பார்கள். சேமித்து வைக்கச் சிடிஐ வேண்டாம்.

நின்டெண்டோவின் கேம்க்யூப், வீ இரண்டுக்கும் நல்ல வழி வீ கன்சோலிலேயே கிளீன்ரிப் மென்பொருளை ஓட்டி யுஎஸ்பியில் எடுப்பது. வீ டிஸ்கில் ஆட்டம் சின்னதாக இருந்தாலும் மிச்ச இடத்தைச் சீரற்றதுபோலத் தோன்றும் எண்களால் நிரப்பியிருப்பார்கள், அதனால் சாதாரணமாகச் சுருக்கினால் சுருங்காது. டபிள்யூபிஎஃப்எஸ் என்ற வடிவம் அந்த நிரப்பலைத் தூக்கிப் போட்டுவிடும், கைரேகை போய்விடும். டால்ஃபின் எமுலேட்டரின் ஆர்விசட் வடிவம் அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, விரிக்கும்போது அப்படியே திருப்பித் தரும். இரண்டில் ஆர்விசட்தான், யோசிக்கவே வேண்டாம்.

பிஎஸ்1-க்கே திரும்பினால், எந்த நகலிலும் வராத ஒன்று இருக்கிறது. டிஸ்கின் உள்பகுதியில் தடம் லேசாக நெளிந்து ஓடும். அந்த நெளிவில்தான் எந்தப் பிராந்தியத்து டிஸ்க் என்ற நான்கு எழுத்தைக் கன்சோல் படிக்கும். கணினி டிரைவ் அதைக் கண்டுகொள்ளாது. எனவே எவ்வளவு துல்லியமான நகலை சிடியில் எழுதினாலும், மாற்றம் செய்யாத கன்சோல் அதை ஏற்காது. எமுலேட்டருக்கு அது தேவையில்லை. கன்சோலில் போட்டு ஆடத்தான் ஆசை என்றால் டிஸ்கையும் பத்திரமாக வைத்தாக வேண்டும்.

என் கணக்கில் இதுவரை ஐம்பத்தொரு பிஎஸ்1 டிஸ்க் முடிந்து கைரேகையும் பொருந்திவிட்டது. இரண்டு பொருந்தவில்லை. ஒன்று க்ராஷ் டீம் ரேசிங். மேல்பக்கத்தில், க்ராஷின் மூக்குக்குப் பக்கத்தில், எறும்பு அளவுக்கு ஒரு ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. எத்தனை முறை ரிஃபைன் ஓட்டினாலும் பதினேழு செக்டார் வரவில்லை. வேறு யாரிடமாவது இன்னொரு டிஸ்க் கிடைக்கும்வரை அந்தப் பதினேழு இடமும் காலியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ரிட்ஜ் ரேசரை மட்டும் போன மாதம் மறுபடி காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.